ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு

மோர்டனிலிருந்து தோர்ண்டன் ஹீத்துக்கு அரை மணித்தியால ஓட்டம். மழை பெய்தால் பத்து நிமிடம் கூடும். அன்றைக்குப் பெய்தது. பெரிய மழையில்லை, கண்ணாடியைத் துடைத்து முடிக்க முன்னரே திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிற மார்ச் மாதத் தூறல். நிஷாந்த் வைப்பரை ஒரே வேகத்தில் விட்டுவிட்டு ஓட்டினான். பக்கத்து இருக்கையில் ஒன்றும் இல்லை. ஏழு மாதமாக அவன் அதில் ஒன்றும் வைப்பதில்லை. பால் போத்தலைக்கூடப் பின்னால்தான் வைப்பான்.

காருக்கு அன்று எம்.ஓ.ரி. கார் தெருவில் ஓடத் தகுதியானதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக் கொடுக்கிற அத்தாட்சி. பழையது ஏப்ரல் பதினேழாம் திகதி முடிகிறது. முடிகிற நாளுக்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக முன்னால் போனால், புதிய அத்தாட்சியும் அடுத்த வருடம் அதே ஏப்ரல் பதினேழில்தான் முடியும். ஒரு நாளும் வீணாகாது. அதற்கும் முன்னால் போனால், போன நாளிலிருந்தே எண்ணிவிடுவார்கள். மிச்ச நாட்கள் போனது போனதுதான். ஆக, மார்ச் பதினெட்டு. நாலு வருடமாக அந்தச் சாம்பல் நிறக் கார் மார்ச் பதினெட்டில்தான் காரைத் தூக்குகிற ராம்பில் ஏறியது. நிஷாந்த் பஸ் கம்பனியொன்றில் நேர அட்டவணை போடுகிறவன். கலியாணம் கட்டிய புதிதில் பிறின்சி, ‘முதலே செய்தா நிம்மதியப்பா’ என்று இரண்டு மாதம் முன்னால் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து நின்றபோது, ஒரு தாளில் கோடு கீறி அவளுக்கு இதை விளங்கப்படுத்தினான். அந்தக் கணக்கில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது.

ஆனால் இன்று அவனை வரச் சொன்னது காருக்காக மட்டும் இல்லை. ஒரு கையெழுத்துக்காக.

கராஜ் அவளுடைய தமையன் ஜெராட்டினது. பிறின்சியின் வயிற்றுக்குள் இருந்த கட்டியைக் கண்டுபிடிக்க ஹொஸ்பிற்றல் பிந்திவிட்டது, மார்ச் பதினெட்டில் செய்ய வேண்டிய ஸ்கானை மே மாதத்துக்குத் தள்ளிப் போட்டுவிட்டது, அந்த ஆறு கிழமையில்தான் எல்லாம் கைமீறிப் போனது என்று ஜெராட் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் தயார் செய்திருந்தார். ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். அந்த வருடம் இன்றோடு முடிகிறது. புருசன் கையெழுத்து வைத்தால்தான் கடிதம் போகும்.

ஸ்கானை ஹொஸ்பிற்றல் தள்ளிப் போடவில்லை. அது நிஷாந்துக்குத் தெரியும். லண்டனில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

*

கராஜ் ரெயில் பாதைக்குப் பின்னால், மூன்று கார் அடங்குகிற கொட்டகை. வாசலில் மூன்று வெள்ளை முக்கோணம் போட்ட நீல எம்.ஓ.ரி. பலகை. உள்ளே கண்ணாடி அடைத்த சின்ன அறையில் கொம்பியூட்டர், கேத்தில், சுவரில் மடு மாதா. ரெயின் போகும்போது மாதா படம் ஆணியில் ஒருதரம் அசைந்து நிற்கும்.

“வாரும் மச்சான். நனைஞ்சு போனீர்” என்றார் ஜெராட். கையில் ரயர் ஒன்று. ஐம்பது வயது, ஊரில், பேசாலைக் கடலில் வலை இழுத்த தோள் இன்னும் இறங்கவில்லை. “ஒரு பத்து நிமிசம். இந்த ஐயாவின்ர ஓட்டையை அடைச்சு அனுப்பிப்போட்டு உம்மட காரை ஏத்துறன்.”

ஐயா என்றது கதிரையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்த பாலசுப்பிரமணியனை. மதுரைக்காரர், குரொய்டனில் முப்பது வருடம், கொம்பியூட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கதைக்க ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

“ஜெராட், என் வண்டிக்கு ஜூன் பத்தாம் தேதி வரைக்கும் எம்.ஓ.டி இருக்கு. வந்ததோட வந்தது, இன்னைக்கே பண்ணிட்டா என்ன? வீட்ல ராஜி தினமும் நச்சரிக்கிறா. முன்கூட்டியே பண்ணுங்க, முன்கூட்டியே பண்ணுங்கன்னு.”

“செய்யலாம் ஐயா. ஆனா அடுத்த வருசம் மார்ச் பதினேழோட முடிஞ்சிடும். கிட்டத்தட்ட மூண்டு மாசம் சும்மா போகும்.”

“அய்யய்யோ. அப்போ எப்ப வரணும்?”

“மே பதினொண்டு.”

“கரெக்டா பதினொண்ணா? அன்னைக்கு பையன் ரோஹித் வீட்ல பால் காய்ச்சுறாங்களே.”

ஜெராட் ரயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பதினொண்டுக்குப் பிறகு எந்த நாளெண்டாலும் வாங்கோ. ஜூன் பத்துக்குள்ள வந்தா முடியிற திகதி அசையாது. முதல் நாளே ஓடி வரவேணுமெண்டு ஒரு சட்டமும் இல்லை. வாற ஆக்கள் எல்லாருக்கும் இதைத்தான் சொல்லுறனான்.”

“நல்லா கணக்கு வெச்சிருக்கீங்கய்யா.”

“என்ர கணக்கில்லை. இந்தா இருக்கிறார், இவர்தான் எனக்குக் கோடு கீறிக் காட்டினவர். என்ர தங்கச்சியின்ர மனுசன். பஸ்ஸுக்கே நேரம் சொல்லுறவர்.”

பாலசுப்பிரமணியன் கதிரையோடு திரும்பினார். “அப்படியா! ரொம்ப நாளா ஒரு சந்தேகம் சார். இருபது நிமிஷம் ஒரு பஸ்ஸும் வராது. அப்புறம் மூணு சேர்ந்தாப்ல வரும். இதையும் நீங்கதான் உக்காந்து எழுதுறீங்களா?”

ஜெராட் சிரித்தார். நிஷாந்தும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தான்.

“வீட்ல என்ன பண்றாங்க சார்?” என்று கேட்டார் பாலசுப்பிரமணியன்.

ரயரை அமுக்கிய கை நின்றது. “தங்கச்சி இல்லை ஐயா. போன ஓகஸ்டில தவறிட்டா” என்றார் ஜெராட்.

பாலசுப்பிரமணியன் குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். பிறகு எழுந்து வந்து நிஷாந்தின் தோளில் கையை வைத்து எடுத்தார். கார் தயாராகி விடைபெறுகிறபோதும் அவர் நிஷாந்தைப் பார்க்கவில்லை. குடையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

*

“முதல்ல சாப்பிடுவம். கத்தரின் உமக்கும் சேத்துத்தான் கட்டித் தந்தவள்.”

தவக்காலம். ஜெராட்டின் மனைவி கத்தரின் நாற்பது நாளும் இறைச்சி சமைக்கமாட்டாள். பிட்டு, பாரை மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. ஜெராட் கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் நக இடுக்கில் கறுப்புப் போகவில்லை. குழம்பைப் பிட்டில் ஊற்றிப் பிசைந்தார். நிஷாந்தின் தட்டில் மீன் தலைப்பக்கத் துண்டை எடுத்து வைத்தார்.

“பிள்ளையள் ஒருத்தரும் தலை தின்னாதுகள். நீர் ஒருத்தர்தான் எனக்குத் துணை. நேற்றும் கத்தரின் கேட்டவள், ஏன் போன ஞாயிறு வரேல்லை எண்டு.”

“ஷிப்ட் அண்ணை.”

“ஞாயிறு ஷிப்டை மாத்தச் சொல்லும். தனிய வீட்டில கிடந்து என்ன செய்யிறீர்? யூலையில நாங்கள் எல்லாரும் மடுத் திருவிழாவுக்குப் போறம். உமக்கும் சேத்துத்தான் ரிக்கெற் பாக்கச் சொன்னனான்.”

நிஷாந்துக்கு இந்த ஊரில் வேறு உறவு இல்லை. தாய் தகப்பன் கனடாவில் அவன் தமக்கையோடு. பிறின்சி போன பிறகு சமையல் என்று அவன் வீட்டில் பெரிதாக ஒன்றும் நடந்ததில்லை. ஞாயிறு பூசை முடிந்து கத்தரின் கட்டிக் கொடுக்கிற சாப்பாடு புதன் வரைக்கும் போகும். அவர்கள் அதைக் கொடுக்கிறது துக்கத்தில் இருக்கிற மனிதனுக்கு. அவனும் அந்த மனிதனாகவே வாங்கிக்கொண்டான்.

“கையைக் கழுவிப்போட்டு இதை வாசியும். எண்ணெய் பட்டிடும்.”

ஜெராட்டின் மகள் றொசாந்தி சட்டம் படிக்கிறாள். கடிதம் அவள் எழுதியது. இரண்டு பக்கம், சுத்தமான ஆங்கிலம். மார்ச் பதினெட்டு, காலை பத்தரை, ஸ்கான். அது நடக்கவில்லை. காரணம் தரப்படவில்லை. அடுத்த திகதி மே இரண்டு. கடிதத்தின் முடிவில், இந்த மாற்றத்தைச் செய்த ஊழியர் யார் என்று தெரிவிக்க வேண்டும், அவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருந்தது. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அவன் பெயர்.

“அவையின்ர கடிதத்திலேயே கிடக்கு, நாள் மாத்தப்பட்டது எண்டு. ஏன் மாத்தினது, ஆரைக் கேட்டு மாத்தினது?” ஜெராட் குரலைத் தாழ்த்தினார். “அம்மா பேசாலையில போனும் கையுமா இருக்கிறா. அனுப்பினதும் எடு எண்டவ. ஏழு மாசமா இதொண்டைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறா. என்ர பிள்ளையை ஆறு கிழமை காக்க வச்சுக் கொண்டு போட்டாங்கள் எண்டு. காசுக்கில்லை மச்சான். ஒரு சதமும் எங்களுக்கு வேண்டாம். ஒருத்தர் வந்து பிழை எண்டு சொல்லோணும்.”

“ஓம் அண்ணை.”

“சரி. காரை ஏத்திப்போட்டு வாறன். அதுக்குள்ள வையும்.”

அவர் கொம்பியூட்டரில் காரின் இலக்கத்தை அடித்தார். பழைய சோதனைகள் வரிசையாக வந்தன: திகதி, ஓடிய மைல், பாஸ். ஜெராட் கண்ணாடியை மூக்கில் இறக்கி வாசித்தார். “போன வருசம் மார்ச் பதினெட்டு. அறுபத்தோராயிரத்துச் சொச்சம். இப்ப எவ்வளவு நிக்குது?”

“அறுபத்துமூண்டு.”

“வருசத்தில ரெண்டாயிரம் மைல்! ஒரு இடமும் போகேல்லை நீர்.”

மேசையில் கடிதம் விரித்தபடி கிடந்தது. அதிலும் மார்ச் பதினெட்டு. திரையிலும் மார்ச் பதினெட்டு. ஒரு சாண் இடைவெளி. ஜெராட் இரண்டையும் பார்த்தார். இரண்டும் ஒரே நாள் என்பது அவர் தலையில் ஏறவில்லை. ஒரு நாளைக்குப் பத்துக் கார் ஏற்றி இறக்குகிறவருக்குத் திகதி என்பது அடிக்கிற எழுத்துத்தான். நிஷாந்த் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்டுபிடித்துவிட்டால் நல்லது என்று இருந்தது. கண்டுபிடிக்காமல் எழுந்து போனபோது மூச்சு வந்தது. அந்த மூச்சு வந்ததுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

பேனையைத் தொடாமல் அவனும் பின்னால் போனான்.

*

“ஏறி இரும். லைற்றைப் பாப்பம்.”

நிஷாந்த் காருக்குள் இருந்தான். ஜெராட் முன்னால் நின்று கையைக் காட்டினார்.

“இடம். வலம். பெரிய லைற். ஹோர்ன் ஒருக்கா அடியும்... போதும், ஊரைக் கூட்டாதையும்.” பின்னால் போனார். “பிறேக்கை மிதியும். விடும். மிதியும். வலப்பக்க பல்ப் கொஞ்சம் மங்கல். அது பறவாயில்லை.”

ஸ்ரியரிங்கைப் பிடித்த அவன் கை, ஜெராட் சொன்னதையெல்லாம் செய்தது. போன வருடம் இதே நாளில் இதே இருக்கையில் பிறின்சி இருந்து இதையெல்லாம் செய்திருப்பாள். இடம் என்றால் வலத்தைப் போட்டிருப்பாள். அண்ணை ஏசியிருப்பார்.

போன வருடம் மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அந்த ஹொஸ்பிற்றல் கடிதம் வந்தது. வயிற்று நோவு என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “இஞ்சையப்பா, பதினெட்டாம் திகதி ஸ்கானுக்கு வரட்டாம்” என்றாள். அன்றைக்குத்தானே கார், என்றான் அவன். அவனுக்கு அன்று பேர்மிங்ஹாமில் பயிற்சி. காரை அவள்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஜனவரியிலேயே முடிவானது. அவள் கடிதத்தைப் பிடித்தபடி நின்றாள். அவன் லப்ரொப்பிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னான்: “ரெண்டில ஒண்டை மாத்தும்.”

திங்கட்கிழமை காலை அவன் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருக்கையில் அவள் குசினியில் நின்று ஹொஸ்பிற்றலுக்குப் போன் எடுத்தாள். கையில் மா இருந்ததால் போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டிருந்தாள். மறுபக்கம் ஒரு பெண் குரல், இனி மே மாதம்தான் இருக்கிறது, ஆறு கிழமைக்கு மேல் போகும், பரவாயில்லையா என்று கேட்டது. பிறின்சி அவனைப் பார்த்தாள். அவன் கயிற்றின் மற்ற நுனியை இழுத்தான். அந்தப் பெண் இன்னொருதரம் கேட்டாள். பரவாயில்லை என்றாள் பிறின்சி.

முன்னமே செய்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பிறகு டொக்டரிடம் கேட்டான். சொல்ல முடியாது என்றார். இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம்.

நிஷாந்த் இறங்கியதும் ராம்ப் காரை மேலே தூக்கியது. ஜெராட் கீழே நின்று கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சில்லையும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இரும்புக் கம்பியால் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இரும்பு ஒரு சத்தம், உக்கியது ஒரு சத்தம். காது கொடுத்துக் கேட்பார்.

“வச்சிட்டீரோ கையெழுத்து?”

“இல்லை அண்ணை.”

“பேனை எழுதேல்லையோ? மேசை லாச்சிக்குள்ள வேற கிடக்கு.”

“அதை ஹொஸ்பிற்றல் மாத்தேல்லை.”

“எதை?”

“ஸ்கானை. பிறின்சிதான் போன் எடுத்து மாத்தினவள்.”

கம்பி இன்னும் இரண்டு தட்டுத் தட்டியது. பிறகு நின்றது.

“ஏன்?”

“அண்டைக்குக் காருக்கு எம்.ஓ.ரி.”

ஜெராட் காருக்குக் கீழிருந்து வெளியே வந்தார். கைவிளக்கை அணைக்க மறந்து அது நிஷாந்தின் சப்பாத்தில் அடித்தது.

“எந்தக் காருக்கு?”

நிஷாந்த் மேலே பார்த்தான். ஜெராட்டும் பார்த்தார். அடிப்பக்கத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“பதினெட்டாம் திகதி...” என்றார். “பத்தரைக்கு ஸ்கான். பத்தரைக்கு இஞ்சையா இருந்தவள்?”

“ஓம்.”

“அந்தக் கதிரையில. மீன் றோல்ஸ் குடுத்தனான். பசிக்குதெண்டு ரெண்டு திண்டவள்.” அவர் அறையின் கண்ணாடியைப் பார்த்தார். “ஒண்டும் சொல்லேல்லையே. அண்ணை, கெதியாச் செய், பள்ளிக்கூடம் போகோணும் எண்டுதான் நிண்டவள்.”

பிறின்சி ஒரு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் உதவியாளராக இருந்தாள்.

“நீர் எப்ப அறிஞ்சனீர்?”

“அவள் போன் எடுக்கேக்க பக்கத்தில நிண்டனான்.”

ஜெராட் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். “ஏழு மாசம். நான் ஒவ்வொரு ஞாயிறும் அவங்களைத் திட்டித் திட்டிச் சாப்பிட்டனான். நீ முன்னால இருந்து கேட்டுக்கொண்டு சாப்பிட்டனி.”

“ஓம் அண்ணை.”

“ஓம் எண்ணாதை. ஓம் எண்ணாதையடா எனக்கு.”

ஒரு ரெயின் போனது. ஜெராட் துணியை எறிந்துவிட்டு அறைக்குள் போய்க் கடிதத்தோடும் பேனையோடும் வந்தார்.

“சரி. இப்ப ஆருக்குத் தெரியும்? உமக்கும் எனக்கும். வையும் கையெழுத்தை. அவங்களும் ஒரு சுத்தமான ஆக்கள் இல்லை. எத்தினை பேரை இழுத்தடிக்கிறாங்கள்.”

“ஹொஸ்பிற்றலில கதைச்ச பொம்பிளை ரெண்டுதரம் கேட்டவ அண்ணை, பறவாயில்லையோ எண்டு. இதில கையெழுத்து வச்சா அவவைத்தான் தேடுவினம்.”

“அவவைப் பற்றி உமக்கென்ன?”

“நான் ஒருதரமும் கேக்கேல்லை.”

ஜெராட் கடிதத்தை நீட்டிய கையை மடக்கினார். பிறகு அதை வேலை மேசையில், ஸ்பனர்களுக்கு நடுவில் வைத்தார். ஏதோ ஞாபகம் வந்தவர் போல நெற்றியைத் தேய்த்தார்.

“என்னட்டையும் கேட்டவள்.”

“என்ன?”

“மாசிக் கடைசி ஞாயிறு பூசை முடியக் கேட்டவள். அண்ணை, பதினெட்டாம் திகதியை வேற நாள் போடேலுமோ எண்டு. உன்ர மனுசன் மூண்டு மாசத்துக்கு முன்னமே அந்த நாளைப் பிடிச்சு வச்சிருக்கிறார், மாத்தினா என்னை உயிரோட விடாரெண்டு பகிடி விட்டனான். அவளும் சிரிச்சவள்.” அவர் குரல் இறங்கியது. “வாற போற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறனான். அந்த மாசத்தில எந்த நாளும் வாங்கோ, திகதி போகாது எண்டு. இப்பவும் அந்த ஐயாவுக்குச் சொன்னன். அவளுக்குச் சொல்லேல்லை. உம்மைக் கட்டினவளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறதெண்டு...” நிமிர்ந்தார். “அவளுக்குத் தெரியும்தானே?”

நிஷாந்த் காரின் அடிப்பக்கத்தைப் பார்த்தான்.

“எந்த நாளும் கொண்டு வரலாமெண்டு அவளுக்குத் தெரியும்தானே மச்சான்?”

“தெரியாது.”

“நீர் கோடு கீறிக் காட்டினனீர்.”

“முதல் நாளைத்தான் காட்டினனான். பதினெட்டை விட்டா திகதி போயிடும் எண்டு சொன்னனான். ஒரு மாசம் இருக்கெண்டு சொன்னா இண்டைக்கு நாளைக்கெண்டு இழுப்பாள். அதால சுருக்கிச் சொன்னனான்.”

ஜெராட் அடிப்பார் என்று நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு திரும்பக் காருக்குக் கீழே போனார். தொடங்கிய சோதனையைப் பாதியில் விடுகிறவர் இல்லை. கம்பி தட்டுகிற சத்தம் கேட்டது. முன்பு தட்டிய இடங்களையே திரும்பத் தட்டினார். பிறகு காரை இறக்கி, உருளைமேல் ஏற்றி, பிறேக்கை மிதித்துப் பார்த்தார். புகை பார்த்தார். ஒன்றுக்கும் நிஷாந்தைக் கூப்பிடவில்லை. அரை மணித்தியாலம் போனது. மழை விட்டு வெளியே சீமெந்து வெளிறத் தொடங்கியது. நிஷாந்த் நின்ற இடத்திலேயே நின்றான்.

ஜெராட் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கொம்பியூட்டரில் அடித்தார். தாள் வந்தது. “பாஸ்” என்றார். “அடுத்த வருசம் ஏப்ரல் பதினேழு வரைக்கும்.”

நிஷாந்த் உள்ளே வந்து வாங்கிக்கொண்டான்.

ஜெராட் கதிரையில் சாய்ந்தார். முகத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் பத்து வயது கூடிவிட்டது போல் இருந்தது. மணி பகல் ஒன்று. “அம்மாவுக்கு ஒண்டு சொல்லோணும். இப்ப அங்க ஆறரை. செபமாலை சொல்ல முன்னம் எடுக்கச் சொன்னவ.” கடிதத்தை நாலாக மடித்தார். “அவள் நாளை மறந்து போனாளெண்டு சொல்லுவம். பிள்ளை மறந்துபோனாள், ஹொஸ்பிற்றலில பிழையில்லையாம் எண்டு. அதோட முடியட்டும். உமக்கும் நல்லது. எனக்கும் நல்லது. நீர் வழமைபோல ஞாயிறு வாரும்.”

அது நடக்கக்கூடியது என்று நிஷாந்துக்குத் தெரிந்தது. பிறின்சியின் தாய் கிளறிற்றா மாமி கொஞ்சம் அழுவார். என்ர விசர்ப் பெட்டை என்பார். கத்தரின் சாப்பாடு கட்டித் தருவாள். யூலையில் மடு. ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, பிறின்சி ஒருத்தியைத் தவிர. வகுப்பில் முப்பது பிள்ளைகள். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு கூடாது என்று ஒரு தாளும் பாராமல் சொல்லுவாள். அவன் தாயின் மருந்து முடிகிற நாளைக் கனடாவுக்கு அவள்தான் போன் எடுத்து ஞாபகப்படுத்துவாள். செத்த பிறகு அவள் ஒரு மறதிக்காரியாகப் போகிறாள்.

“அவள் மறக்கேல்லை அண்ணை.”

“தெரியும். நான் சொல்லுறது...”

“அவள் ஒண்டையும் மறக்கிறவள் இல்லை. எடுத்துத் தாங்கோ. நான் சொல்லுறன்.”

“என்னெண்டு சொல்லுவீர்? வயதுபோன மனுசி. அதுக்குப் பிறகு உம்மட முகத்தில முழிப்பாவோ? என்ர வீட்டுக்குத்தான் நீர் வரேலுமோ?”

“இல்லைத்தான்.”

ஜெராட் போனை எடுத்து, எண்ணை அழுத்தி, காதில் வைக்காமல் நீட்டினார். கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போய் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாவது மணியில் எடுபட்டது. பின்னால் கோழிச் சத்தமும் ஒரு மோட்டார்சைக்கிளும் கேட்டன.

“ஜெராட்டோ? அனுப்பியாச்சோ மோனே?”

“மாமி, நான் நிஷாந்த்.”

“தம்பியா!” குரல் மாறியது. “எப்பிடியப்பு இருக்கிறீர்? சாப்பிட்டீரோ?”

“சாப்பிட்டன் மாமி.”

“அந்தக் கடிதம் போட்டுதோ?”

“இல்லை மாமி. அது போகாது.” அவன் மேசையின் விளிம்பைப் பிடித்தான். தாளில் கோடு கீறினால் எவ்வளவு எளிது என்று தோன்றியது. கோடு இல்லாமல், சுருக்காமல், முழுதாகச் சொல்ல வேண்டும். “போன வருசம் பிறின்சி ஸ்கானுக்கு என்னட்டை ஒரு நாளைக் கேட்டவள் மாமி. நான் குடுக்கேல்லை.”